1.5 லட்சத்துக்குள் பழைய அட்வென்ச்சர் பைக்: பெட்டி போட்ட ஹிமாலயனா, மொட்டை எக்ஸ்பல்ஸா?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். 7 வருடமாக ஒரு 125 சிசி வண்டி ஓட்டுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதிலேயே ஏறி இறங்கியாகிவிட்டது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டியிருப்பதுதான் குறை. மண்பாதை, சரளை, கண்மாய்க்கரை என்று சுற்ற ஒரு வண்டி வேண்டும். அடுத்த வருடம் லடாக் போகிற ஆசையும் இருக்கிறது. கையில் மொத்தம் 1.5 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வீட்டில் சோறு கிடைக்காது.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2020 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிஎஸ்6, கோவையில். 38,000 கி.மீ. ஓடியது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் கூடுதல் லைட், கிராஷ் கார்டு, ஹேண்டில் ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் துண்டு) எல்லாம் இருக்கிறது. 1.35 லட்சம் சொல்கிறார். மற்றது 2021 ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, பிஎஸ்6, திண்டுக்கல்லில். 19,000 கி.மீ., ஷோரூமிலிருந்து வந்தபடியே மொட்டையாக இருக்கிறது. 92,000 கேட்கிறார்.

ஹிமாலயனில் இருக்கும் சாமான்களைத் தனியாக வாங்கினாலே 40,000 ஆகும்போல. அதனால் அதுதான் லாபம் என்று தோன்றுகிறது. என் உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 62 கிலோ. என்ன சொல்கிறீர்கள்?

நாலுவழிச்சாலை (சேலம்)

யோசிக்கவே வேண்டாம், ஹிமாலயன். 411 சிசி, 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4,000 சொச்சம் ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 15 லிட்டர் டேங்க். சீட்டு 800 மி.மீ. தான், உங்கள் உயரத்துக்குக் கால் நன்றாக எட்டும். லடாக் என்று வேறு சொல்லிவிட்டீர்கள். எக்ஸ்பல்ஸில் 18 குதிரைசக்திதான். நாலுவழிச் சாலையில் 90-க்கு மேல் போனால் வண்டி முக்கும். பின்னால் வருகிற ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான்.

செம்மண் (மதுரை)

தம்பி, எனக்கு 5 அடி 2 அங்குலம். இரண்டு வண்டியும் ஓட்டியிருக்கிறேன், இரண்டிலிருந்தும் விழுந்திருக்கிறேன். அதனால் ஒரே கேள்வி. விழுந்த வண்டியை யாரும் இல்லாத இடத்தில் நீங்களே தூக்குவீர்களா?

பிஎஸ்6 ஹிமாலயன் 199 கிலோ. அதில் பெட்டி, அதன் இரும்புச் சட்டம், கிராஷ் கார்டு எல்லாம் சேர்ந்தால் 220-ஐத் தாண்டும். பெட்டிக்குள் போடும் சாமான் தனிக் கணக்கு. எக்ஸ்பல்ஸ் 157 கிலோ. தார் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. சேற்றில் மூன்றாவது முறை விழும்போது ஒவ்வொரு கிலோவும் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

உயரத்தைப் பற்றி: எக்ஸ்பல்ஸ் சீட்டு 823 மி.மீ. என்பது உண்மை. ஆனால் சீட்டு ஒல்லி, நாம் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும். எனக்கே ஒரு காலின் முன்பாதம் ஊன்றுகிறது. இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பது பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குத்தான் அவசியம்.

பட்டறைத்தூசி (தேனி)

எந்த மாடல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டும் உழைக்கிற வண்டிதான். 411-ன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றாலும், அதே எஞ்சின் அந்தக் கம்பெனியின் ஸ்கிராம் 411 மாடலிலும் வந்ததால் உதிரிப் பாகத்துக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. எந்த மாடல் என்பதைவிட அந்த ஒரு வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில், வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். போனதும் எஞ்சினில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்குக் கேட்கக்கூடாத ஏதோ ஒரு சத்தத்தை முன்பே ஓட்டி அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆகும் அந்த முதல் 10 விநாடியில் செயின் சத்தமா, டேப்பட் சத்தமா என்று காது கொடுங்கள். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாகக் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் அது ஈரப்பதம், பயப்பட வேண்டாம்.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். மண்ரோடு ஓடிய வண்டியில் முதலில் அடிவாங்குவது அதுதான். ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்டு உண்டு. பின்னால் ஒருவரை உட்காரச் சொன்னால் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். எக்ஸ்பல்ஸுக்கு அடியில் கட்டையோ ஜாக்கியோ வையுங்கள். ஒரே விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது கொக்கியில் விழுந்த மாதிரி நின்றால் பால் ரேஸில் குழி விழுந்துவிட்டது. பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'டக்' என்று கேட்கிறதா? அப்படியே பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங்ஆர்ம் புஷ் தேய்மானமும் கையில் தெரியும்.

ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். ரிம்மைச் சுழற்றி விட்டு ஒரு குச்சியை ஓரத்தில் பிடித்தால் பெண்டு தெரிந்துவிடும். 21 அங்குல முன் ரிம்மில் சின்னப் பள்ளம் இருந்தால் பேரம் பேசலாம், நாலைந்து இடத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் பிடித்துப் பின்னால் இழுங்கள். அரைப் பல் வெளியே தெரிந்தால் செயின் செட் செலவு உங்கள் தலையில்.

கடைசியாக, தரையில் படுத்துவிடுங்கள். சட்டை அழுக்கானால் போகட்டும். ஸ்கிட் பிளேட்டில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு) கீறல் இருப்பது தப்பில்லை, அது அதற்குத்தான் இருக்கிறது. பிளேட்டுக்குப் பின்னால் எஞ்சின் கேசில் வெல்டிங் இருக்கிறதா, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, பெட்டி மாட்டிய வண்டியில் சீட்டைக் கழற்றி சப்ஃபிரேமை (சீட்டையும் பெட்டியையும் தாங்கும் பின்சட்டம்) பார்க்காமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

ஓடிய கிலோமீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிரிப் மூன்றும் உண்மைக் கணக்கைச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1421 என்றால் 2021-ன் 14-வது வாரத்தில் தயாரானது. 19,000 கி.மீ. ஓடியும் டயர் வண்டியோடு வந்ததுதான் என்றால் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை

அண்ணே, இதைப் பிரிண்ட் எடுத்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவை போகிறேன். அந்த எக்ஸ்பல்ஸ் ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இன்னும் இருக்கிறது. "கடன் அடைத்தாச்சு, நீங்களே எடுத்துக்கலாம்" என்கிறார். பிரச்சினை இல்லையே?

படிவம்29 (கோவை)

அடைத்திருந்தால் அவரே எடுத்துத் தரட்டும். அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம்? வங்கி கொடுக்கும் என்ஓசியும் படிவம் 35-ம் ஆர்டிஓவில் கொடுத்தால் பதிவு நீங்கும். அது நீங்காமல் முழுப்பணம் கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவர் வீட்டு வாசலில் நின்ற ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 இரண்டு படிவமும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. "ஓபன் சைன் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கோ" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இ-சலான், இன்சூரன்ஸ் தேதி இரண்டையும் பாருங்கள். ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் எண்ணை ஃபிரேமில் இருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். போட்டோவை வைத்து ஒப்பிடுவது வேலைக்கு ஆகாது.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொன்னால் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

நாலுவழிச்சாலை

பெட்டியை ஏன் எல்லோரும் வில்லனாக்குகிறீர்கள்? மழையில் துணி நனையாது, பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

செம்மண்

நெடுஞ்சாலையில் பெட்டி அருமைதான் அண்ணா, மறுக்கவில்லை. சரளையில் கால் ஊன்றும்போது வண்டி முன்னால் நகர்ந்தால் கெண்டைக்காலுக்குப் பின்னால் வந்து இடிப்பது அந்தப் பெட்டியின் மூலைதான். துணிப்பை என்றால் காலை உருவிக்கொள்ளலாம். எனக்கு 3 வாரம் கட்டுப் போட்ட அனுபவம்.

காவிரிக்கரை

கோவை போய் வந்தேன். 11 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு 10:20-க்கே போய் நின்றேன். எஞ்சின் தோசைக்கல் மாதிரி இருந்தது. "இப்பதான் பெட்ரோல் போட்டு வந்தேன்" என்றார். இருக்கலாம். டேங்க் திறந்து பார்த்தேன், பாதிகூட இல்லை.

கோன் செட்டில் நடுவில் நிற்கிறது. சீட்டைக் கழற்றச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. பெட்டிச் சட்டம் போல்ட் போடும் இடத்தில் சப்ஃபிரேம் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். முந்தைய ஓனர் அந்தப் பெட்டிகளில் எவ்வளவு சுமை ஏற்றி எங்கே ஓட்டினாரோ தெரியவில்லை. லைட்டுக்கு ரிலே கிடையாது, ஹெட்லைட் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. 40,000 ரூபாய் சாமான் என்று நினைத்தேனே, அதுதான் வண்டியைத் தின்றிருக்கிறது. வண்டி மேல் குறை சொல்ல முடியாது, வைத்திருந்தவர் கை அப்படி.

பட்டறைத்தூசி

வெல்டிங் வைத்த சப்ஃபிரேம் ஊருக்குள் ஓடும். கல்லும் குழியுமாக நாள் முழுக்கப் போகும்போது வெல்டிங் பிடிக்கும், அதன் பக்கத்து இரும்பு விடும். நல்லவேளை. லைட் மாட்டுவதில் தப்பில்லை. பேட்டரியிலிருந்து தனி ஒயர், ஃபியூஸ், ரிலே போட்டு மாட்ட வேண்டும். 60 வாட் லைட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஹெட்லைட் ஒயரில் அதை இழுத்தால் கரிந்து, அதுவும் ராத்திரியில், மலையில்தான் கரியும்.

காவிரிக்கரை

அப்புறம் திண்டுக்கல் போனேன். எக்ஸ்பல்ஸ் வைத்திருந்தவர் ஆசிரியர். பள்ளிக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் ஜில்லென்று இருந்தது, ஒரே அழுத்தில் பிடித்தது. ஸ்கிட் பிளேட்டில் கீறல்கூட இல்லை. முன் ஃபோர்க்கில் ஒரு பக்கம் ஆயில் வளையம் தெரிகிறது. டயர் 2021-ல் வந்தது, ஓரம் வெடித்திருக்கிறது. செயினை இழுத்தால் அரைப் பல் தெரிகிறது. இதையெல்லாம் காட்டி 84,000-க்கு முடித்தோம். கடன் பதிவை அவர் நீக்கித் தரும்வரை 5,000 மட்டும் அட்வான்ஸ்.

மீதி 66,000 இருக்கிறது. ரேலி கிட் போடலாமா? சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வரும் ஓட்டம் முன்னால் 250 மி.மீ., பின்னால் 220 மி.மீ. கிடைக்குமாமே!

செம்மண்

சீட்டும் அதே அளவுக்கு மேலே போகும், 5 அடி 5 அங்குலம் தம்பி! வண்டியோடு வந்த 190, 170 மி.மீ. ஓட்டத்தின் எல்லையை நீங்கள் தொடவே ஒரு வருடம் ஆகும். முதல் செலவு உங்கள் உடம்புக்கு. கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக் கவசம், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை. 25,000-ஐ இதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு வண்டியைப் பாருங்கள்.

பட்டறைத்தூசி

அக்கா சொன்னதுதான். அதற்கு அப்புறம் ஃபோர்க் ஆயில் சீல் இரண்டு பக்கமும் (ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது), புது ஃபோர்க் ஆயில், செயின் செட், எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், முன் பின் பிரேக் பேட், பிரேக் ஆயில். கோன் செட்டைப் பிரித்துக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் டேப்பர் ரோலர் வகையாகப் போட்டுக்கொள்ளலாம். டயர் 90/90-21, 120/80-18 என்ற அதே அளவில் வாங்குங்கள், அகலமாகப் போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முழுக்கக் கட்டை டயர் (மண்ணைக் கடிக்கும் பெரிய கட்டைகள் உள்ளது) போட்டால் சேற்றில் ராஜா, மழைத் தார் ரோட்டில் பிச்சைக்காரன். பாதிக்குப் பாதி வகையே போதும்.

காசு இல்லாமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் செய்வதில்லை. வண்டி மேல் எழுந்து நில்லுங்கள். அந்த நிலையில் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நேர்க்கோடாக வரும்படி கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் கீழே திருப்புங்கள். ஹேண்டிலைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பாருங்கள். பின் பிரேக் பெடலும் நிற்கும்போது பாதத்துக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கழற்றினால் பூட்ஸ் வழுக்காது. இதெல்லாம் சரியாக வந்த பிறகும் குனிந்து நிற்க வேண்டியிருந்தால்தான் ரைசர். அதையும் உயரமாகப் போட்டால் கேபிள் இழுபடும், ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டி தானாக ரேஸ் ஆகும்.

லீவர் கிளாம்ப் போல்ட்டை ரொம்ப முறுக்காதீர்கள். விழும்போது லீவர் சுற்றிக்கொள்ள வேண்டும், உடையக் கூடாது.

தேரிக்காடு (திருச்செந்தூர்)

டியூப் டயர் என்பதை மறந்துவிட்டீர்கள். இரண்டு டயர் லீவர், ஒட்டுப்போடும் சாமான், சைக்கிள் பம்பு, கூடவே ஒரு 21 அங்குல டியூப். பின்னால் பஞ்சரானாலும் அவசரத்துக்கு அதையே மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம், ஆனால் 18 அங்குல டியூபை முன்னால் போட முடியாது. வீட்டு வாசலில் ஒரு முறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை 2 மணி நேரமும் நாலு கெட்ட வார்த்தையும் ஆகும்.

எங்கள் ஊர்ச் செம்மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் டயர் மிதக்கும். ஆனால் டியூப் வண்டியில் அளவுக்கு மேல் இறக்கினால் கல்லில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். மணல் முடிந்ததும் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள். மணலில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விடாதீர்கள். விட்டால் எடை முன்னால் போய், முன்சக்கரம் புதைந்து, நீங்கள் மட்டும் பயணத்தைத் தொடர்வீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் வண்டியை விட்டு வீடியோ போடுவது சாகசம் இல்லை, வழக்கு. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போனால் தார் ரோட்டில் போய் தார் ரோட்டில் வாருங்கள். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பழகுவதற்கு ஏரிக்கரையும் ஊராட்சி மண்ரோடும் தாராளம். அங்கேயும் ஆடு மேய்ப்பவரைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், அது அவர் வழி.

நாலுவழிச்சாலை

சரி, தோற்றுவிட்டேன். ஆனால் லடாக்குக்கு 18 குதிரை போதுமா?

செம்மண்

மேலே காற்று குறைவு என்பதால் எல்லா வண்டியும்தான் திணறும். மெதுவாகப் போனால் போதும். திருச்சியிலிருந்து ஓட்டியே போக வேண்டாம் தம்பி, வடக்கே ரயில் பார்சலில் போட்டுவிடுங்கள். பெட்ரோலைச் சுத்தமாக இறக்கி, சாக்கு சுற்றி, இன்சூரன்ஸ், ஆர்சி நகல் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள். கண்ணாடியையும் லீவரையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிளட்ச் லீவரை இப்போதே வாங்கி வையுங்கள்.

காவிரிக்கரை

7 வாரம் கழித்து வருகிறேன். ஆர்சி என் பெயரில் வந்துவிட்டது. ஆசிரியர் வங்கி என்ஓசி வாங்கித் தர 3 வாரம் எடுத்தார், ஆனால் தந்துவிட்டார்.

கணக்கு: வண்டி 84,000. பட்டறை வேலை, செயின் செட், ஃபோர்க் சீல், பேட் எல்லாம் சேர்த்து 14,500. இரண்டு டயரும் டியூபும் 9,800. பூட்ஸ், முட்டிக் கவசம், ஜாக்கெட், கையுறை 23,000 (ஹெல்மெட் பழையதே நன்றாக இருக்கிறது). பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் 4,200. துணிப்பை 6,000. மொத்தம் 1,41,500. மீதியை வீட்டில் சொல்லவில்லை.

போன ஞாயிறு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. முதல் அரை மணி நேரத்தில் இரண்டு முறை சாய்ந்தேன். முதல் முறை பின் பிரேக்கை மிதித்துவிட்டேன், பின்னால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்துக் காலால் உந்தினால் எழுந்துவிடுகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் இரண்டு முறையும் பார்த்துவிட்டு, "புதுசா தம்பி?" என்றார். வண்டியைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா தெரியவில்லை.

இரண்டாவது முறை கிளட்ச் லீவர் பாதியில் உடைந்தது. போல்ட்டை நான்தான் முறுக்கியிருந்தேன். பையில் இருந்ததை மாட்டிக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு நன்றி.

செம்மண்

திரும்ப ஒன்று வாங்கி வையுங்கள். கிளட்ச் கேபிளும்.

நாலுவழிச்சாலை

அந்த அலுமினியப் பெட்டி மட்டும் தனியாகக் கொடுப்பாரா என்று கோவைக்காரரைக் கேட்டுச் சொல்ல முடியுமா?